ஐஸ்கிரீம் குச்சிப் பாலம் எங்கே முறியும்?

மரக்குச்சி சொல்லாமல் கொள்ளாமல் முறிவதில்லை. முறிவதற்கு முன் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் வரும். பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே அது யார் காதிலும் விழாது. ஒலிவாங்கியைப் பாலத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

பேராக்கில், குவாலா கங்சார் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி அது. மாணவர் எண்ணிக்கை குறைவு. அதனால் ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் சேர்ந்துதான் அறிவியல் மன்றம். வானொலியில் நான் செய்யும் சிறுவர் நிகழ்ச்சிக்காக, அங்கே நடந்த பாலம் கட்டும் போட்டியைப் பதிவு செய்யப் போயிருந்தேன். பத்து நிமிடப் பகுதிக்கு அரை மணி நேரம் இருந்தால் போதும். ஆனால் அன்று முழுக் காலையும் அங்கேயே இருந்தேன். மூன்று நாள் கழித்து ஈப்போவிலிருந்து மறுபடியும் காரை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விதிகள். ஒரு குழுவுக்கு 120 ஐஸ்கிரீம் குச்சிகள், ஒரு போத்தல் வெள்ளைப் பசை. நூல், கம்பி, டேப் எதுவும் கூடாது. 40 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மேசைகள் போடப்படும். அந்த இடைவெளியைப் பாலம் கடக்க வேண்டும். ஒரு விளையாட்டுக் கார் அதன் மேல் ஓடவும் வேண்டும். கடையில் கிடைக்கும் குச்சியின் நீளமோ பதினொன்றரை சென்டிமீட்டர்தான். எந்தக் குச்சியும் தனியாக அக்கரை சேராது. பிள்ளைகளின் மூன்று வாரத் தலைவலி முழுவதும் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்ததுதான்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் இல்லை. பாலத்தின் நடுவில் குறுக்காக ஒரு விளக்குமாற்றுக் கட்டைத் துண்டு, அதிலிருந்து கயிறு, கயிற்றில் 20 லிட்டர் காலிச் சாயவாளி. வாளிக்கு அடியில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், பழைய மெத்தை ஒன்று. நம் பாட்டிமார் அரிசி அளந்த அதே பால் டின்னால் மணலை அள்ளி அள்ளிப் போட வேண்டும். முறிந்ததும் வாளியைத் தூக்கி எடை பார்க்கும் தராசில் வைப்பார்கள். இன்னொரு விதியும் இருந்தது: குழுத் தலைவர் எப்போது வேண்டுமானாலும் "போதும்" என்று சொல்லலாம். அதுவரை ஏறிய எடை கணக்கில் சேரும், பாலமும் பிழைக்கும். அன்றைய சண்டைக்கெல்லாம் காரணம் அந்த விதிதான்.

அறிவியல் ஆசிரியை முதல் வாரம் பசையைக் கண்ணில் காட்டவே இல்லையாம். முனைகளில் துளையிட்ட நான்கு குச்சிகளைச் சிறிய திருகாணியால் கோத்து ஒரு சதுரமாக்கிக் கையில் கொடுத்திருக்கிறார். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்து சப்பையாகிவிடுகிறது. ஒரு குச்சிகூட உடையவில்லை, ஆனால் வடிவம் போய்விட்டது. மூன்று குச்சிகளைக் கோத்தால் அது நடக்காது. முக்கோணத்தின் உருவம் மாற வேண்டுமென்றால் ஏதாவது ஒரு குச்சியின் நீளம் மாற வேண்டும். மரம் அதற்கு எளிதில் சம்மதிக்காது. சதுரத்துக்குக் குறுக்கே ஐந்தாவது குச்சி ஒன்றைப் போட்டாலும் போதும், அது இரண்டு முக்கோணமாகி நின்றுவிடுகிறது.

இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு இது புதிய காட்சி அல்ல. பேராக் ஆற்றின் மேல் காராயில் 1900இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாலம் பக்கத்தில்தான் இருக்கிறது. செங்கல் தூண்கள், அவற்றின் மேல் இரும்புச் சட்டங்கள், சட்டமெங்கும் முக்கோணங்கள். ரயில் இப்போது பக்கத்திலிருக்கும் கான்கிரீட் பாலத்தில் போகிறது. பழைய பாலத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு குழுவின் தலைவி, பதினொரு வயதுச் சிறுமி. அவளுடைய தாத்தா ரயில்வேயில் தண்டவாளக் 'கேங்' வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிலிப்பர் கட்டை மாற்றவும் ஆணி இறுக்கவும் அந்தப் பாலத்தில் நடந்தவர். பேத்தி தாளில் வரைந்து காட்டிய முதல் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "குறுக்குச் சட்டம் எங்கேம்மா?" மலாயாவில் ரயில் பாதை போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று மேடையில் பேசுகிறோம். அந்த அனுபவம் ஒரு பேத்தியின் கணக்குப் புத்தகத்தில் பென்சில் கோடாக வந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப பினாங்குப் பாலத்துல ஏன் டீச்சர் முக்கோணம் இல்ல?" என்று ஒரு பையன் கேட்டானாம். நல்ல கேள்வி. 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தின் நடுக்கண் 225 மீட்டர் நீளம். அதைத் தாங்குவது உயரமான கோபுரங்களிலிருந்து சரிவாக இறங்கும் கம்பி வடங்கள். கோபுரம் ஒரு பக்கம், சாலைத்தளம் ஒரு பக்கம், வடம் மூன்றாவது பக்கம். உற்றுப் பார்த்தால் அதுவும் முக்கோணம்தான். ஆனால் வடத்தால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. கயிற்றைத் தள்ளிப் பாருங்கள், தெரியும்.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதே நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு ஐஸ்கிரீம் குச்சியின் இரண்டு முனைகளையும் பிடித்து, உங்கள் பலம் முழுவதையும் போட்டு இழுங்கள். ஒன்றும் ஆகாது. இப்போது அதே குச்சியை மேசையில் செங்குத்தாக நிறுத்தி, மேல் முனையில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். குச்சி வில்லாக வளையும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முறியும். அதே மரம், அதே கனம்தான். இழுத்தால் வீரன், தள்ளினால் கோழை.

பாலத்தின் நடுவில் எடை தொங்கும்போது கீழ் வரிசைக் குச்சிகள் இழுபடுகின்றன. மேல் வரிசைக் குச்சிகள் இரு பக்கமிருந்தும் நெருக்கப்படுகின்றன. பாடநூல் இவற்றுக்கு வேறு சொற்களை வைத்திருக்கும். பிள்ளைகள் 'இழுபடுற குச்சி', 'தள்ளுபடுற குச்சி' என்று ஆரம்பித்து, இரண்டாவது 'தள்ளுபடிக் குச்சி'யாகி, அதுவே நிலைத்துவிட்டது. தீபாவளிக் கடை விளம்பரம்போல் "தள்ளுபடி, தள்ளுபடி" என்று ஒருவன் கூவிக்கொண்டே பசை தடவியதை நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அறிவியலை எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது என்று பெரியவர்கள் நாம் ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அந்த அறையில் யாருக்கும் எந்தச் சொல்லும் தட்டுப்படவில்லை.

தள்ளுபடிக் குச்சிகளைக் காப்பாற்ற இரண்டு வழி. ஒன்று, குட்டையாக்குவது. சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார்: நீளத்தைப் பாதியாக்கினால், வளையாமல் தாங்கும் சுமை நான்கு மடங்காகும். அதனால்தான் பெரிய பாலங்களில் நீளமான சட்டங்களுக்கு நடுநடுவே சின்னச் சட்டங்களை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். இரண்டாவது வழி, தடிப்பாக்குவது. இரண்டு குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் இரண்டு மடங்கு விறைப்புதான் கிடைக்கும். அவற்றை முகத்தோடு முகம் முழுவதுமாகப் பசை போட்டு ஒட்டிவிட்டால் விறைப்பு எட்டு மடங்கு. தடிப்பின் மும்மடிப் பெருக்கம் அது. குச்சியின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். இரண்டு மடங்குக்கும் எட்டு மடங்குக்கும் நடுவில் இருப்பது பசை மட்டுமே.

பசை விஷயத்தில் ஆசிரியை கறார். சூட்டுப் பசைத் துப்பாக்கி கூடவே கூடாது என்றுவிட்டார். அது ஒரு நிமிடத்தில் இறுகிவிடும், வசதிதான். ஆனால் இறுகிய பிறகும் ரப்பர்போல் நெகிழும். மூட்டு அசைந்தால் முக்கோணத்துக்கு அர்த்தமில்லை. வெள்ளைப் பசைக்கு அவசரம் ஆகாது. மெல்லியதாகத் தடவி, துணிக் கிளிப் போட்டு இறுக்கி, ஒரு முழு நாள் விட வேண்டும். மழைக்காலமாக இருந்தால் இன்னும் கூட விடலாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிக் கிளிப்புகளால் அந்த மூன்று வாரம் எத்தனை வீட்டில் கொடியில் துணி பறந்ததோ, அம்மாக்களைத்தான் கேட்க வேண்டும்.

சோதனை நாளில் மேசைமேல் நான்கு பாலங்கள் இருந்தன.

முதலாவதன் அழகு கண்ணைப் பறித்தது. வெள்ளி நிறச் சாயம், இரு பக்கமும் கைப்பிடி, விளக்குக் கம்பங்கள். ஒரு அப்பாவின் கை அதில் தெரிந்தது. அந்த அப்பாவும் பின்னால் நின்றிருந்தார். குச்சிகளில் பெரும்பாலானவை தளத்தில் பலகைபோல் படுத்துக் கிடந்தன. முக்கோணங்கள் கைப்பிடியில் அலங்காரமாக மட்டும் இருந்தன. பத்தாவது டின்னில் நடுத்தளம் தொய்ந்தது, அடுத்ததில் இறங்கிவிட்டது. ஆறு கிலோ. குழுவில் இருந்த சிறுவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்துவிட்டார். எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போனது.

இரண்டாவது பாலத்தில் முக்கோணங்கள் சரியாக இருந்தன, ஆனால் மேல் வரிசையில் ஒற்றைக் குச்சிகள். பன்னிரண்டு கிலோ வாக்கில் அவை பக்கவாட்டில் நெளியத் தொடங்கின. பிள்ளைகளே அதைக் கண்டுபிடித்து, "தள்ளுபடி! தள்ளுபடி!" என்று கத்தினார்கள். 17 கிலோவில் முறிந்தது.

மூன்றாவது 31 கிலோ வரை போனது. முறிந்தபோது ஒரு குச்சிகூட உடையவில்லை. கீழ் வரிசையில் ஒரு மூட்டு பிரிந்துவிட்டது. பிரிந்த இரு முகங்களும் வழவழவென்று பளபளத்தன. மரநார் எதுவும் பிய்ந்து வரவில்லை. நன்றாகக் காய்ந்த மூட்டு பிரிந்தால் மரத்தையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டுதான் வரும். ஆசிரியை அதைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு பையன் சொன்னான்: "அது நேத்து ராத்திரி ஒட்டினது டீச்சர்."

நான்காவது, ரயில்வே தாத்தாவின் பேத்தி தலைமை வகித்த குழுவின் பாலம். மேல் வரிசை முழுவதும் இரட்டைக் குச்சிகள், முகத்தோடு முகம் ஒட்டியவை. பக்கவாட்டுச் சட்டங்கள் தாத்தா சொன்னபடி சாய்வாக. மற்ற மூன்றும் முறிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வந்தார்கள். மணல் ஏறியது. பத்து கிலோ, பதினைந்து கிலோ, இருபது கிலோ. ஹெட்போனில் எனக்கு முதல் 'டிக்' கேட்டது. பாலத்துக்கு மிக அருகில் முகத்தை வைத்திருந்த அந்தச் சிறுமிக்கும் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது சத்தம் வந்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"போதும் டீச்சர்."

22 கிலோ. அவளோடு இருந்த பையன் கொதித்துவிட்டான். "இன்னும் பத்து கிலோதான்! ஜெயிச்சிடலாம்!" அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. மூன்று வாரம் அவனும்தான் பசை தடவினான். அவளோ பாலத்தை மேசையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தாத்தாவிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். விதிப்படி அவள் செய்தது சரி. ஆசிரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் பரிசு 31 கிலோ பாலத்துக்குப் போனது. அந்தப் பையன் இடைவேளையில் தனியாகப் போய் உட்கார்ந்தான்.

திரும்பி வரும் வழியில் கியூபெக் பாலம்தான் நினைவில் ஓடியது. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். முறிந்தது ஒரு தள்ளுபடிச் சட்டம், நெருக்கத்தைத் தாங்க வேண்டிய கீழ்ச்சட்டம். பாலத்தின் எடையைக் குறைவாகக் கணக்கிட்டிருந்தார்கள். கொடுமை என்னவென்றால், சட்டங்கள் வளைவதைப் பல நாள் முன்பே வேலையிடத்தில் பார்த்துவிட்டார்கள். கடிதம் போனது, ஆள் போனார், நியூயார்க்கில் இருந்த ஆலோசனைப் பொறியாளர் மேலும் சுமை ஏற்றாதே என்று தந்தி அடித்தார். வேலையிடத்துக்கு அது நேரத்தோடு போய்ச் சேரவில்லை. அங்கே யாராவது ஒருவர் கையைத் தூக்கி "போதும்" என்று சொல்லியிருந்தால்?

ஆகவே 'டிக்' கேட்டதும் நிறுத்தியவளை என்னால் குறை சொல்ல முடியாது. அதே நேரத்தில், ஆள் ஏறாத பாலத்தை எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்றும் தோன்றியது. நம் பள்ளிகளில் மாதிரிகள் பெரும்பாலும் கண்ணாடி அலமாரிக்குப் போகின்றன. பெயர் ஒட்டிய அட்டை, தூசி, அடுத்த ஆண்டு குப்பை. உடைத்துப் பார்க்க அனுமதி கிடைக்கும் மாதிரி அபூர்வம். அதை உடைக்காமல் விட்டால் அது எங்கே பலவீனம் என்பது யாருக்கும் தெரியாமலேயே போய்விடும். 31 கிலோ குழுவுக்கு ஒரு மூட்டின் விலை தெரிந்துவிட்டது. இவர்களுக்கு 22 என்ற எண் மட்டும்தான் மிச்சம்.

திங்கட்கிழமை மாலை ஆசிரியையிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "நாளைக்கு அதை உடைக்கப் போறாங்க. வர்றீங்களா?"

வீட்டில் நடந்ததை அந்தச் சிறுமியே எனக்குச் சொன்னாள். தாத்தா பாலத்தைக் கையில் வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, நேராக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். மூட்டுகளை விரலால் தட்டியிருக்கிறார். பிறகு, "எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

"இருபத்திரெண்டு கிலோ தாத்தா."

"அதுக்கு மேல?"

"தெரியாது."

"தெரியாத பாலத்து மேல எந்த டிரைவரும்மா வண்டிய ஓட்டுவான்?"

அவ்வளவுதான். அவர் வேறெதுவும் சொல்லவில்லையாம். திங்கட்கிழமை காலையில் அவள் பாலத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, முதலில் ஆசிரியையிடம் போகாமல், கோபித்துக்கொண்ட அந்தப் பையனிடம் போயிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பரிசு இல்லை, கூட்டமும் இல்லை. மணல் போடுவதற்கு முன் ஆசிரியை ஒரு வேலை வைத்தார்: எங்கே முறியும் என்று ஒவ்வொருவரும் பென்சிலால் பாலத்தின் மேல் புள்ளி வைக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் மேல் வரிசையின் நடுவில் விழுந்தன. நெருக்கம் அங்கேதான் மிக அதிகம் என்று இதற்குள் எல்லாருக்கும் தெரியும். பையன் மட்டும் கீழ் மூட்டு ஒன்றில் வைத்தான்.

22 தாண்டியது. 25. சத்தங்கள் சேர்ந்து வரத் தொடங்கின. 30இல் வாளி நிரம்பிவிட்டதால் கயிற்றில் இன்னொரு பையைக் கட்டி மணலைத் தொடர்ந்தார்கள். யாரும் பேசவில்லை, நான் பதிவு செய்ததிலேயே மிக அமைதியான வகுப்பறை அதுதான். 34 கிலோவில் பாலம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு மெத்தையில் விழுந்தது.

மேல் வரிசையின் நடுப்பகுதி அப்படியே இருந்தது. பென்சில் புள்ளிகளில் ஒன்றுகூடச் சரியில்லை. முறிந்தது மேசை ஓரத்தில், இரண்டு முனைகளிலும் தளத்திலிருந்து மேல் வரிசைக்குச் சாய்வாக ஏறும் குச்சிகளில் ஒன்று. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பையன்தான் சொன்னான்: "இதுவும் தள்ளுபடிதானே?" ஆமாம். சுமை முழுவதும் கடைசியில் மேசைக்கு இறங்குவது அந்தச் சாய்வுக் குச்சிகள் வழியாகத்தான். அவையும் நெருக்கப்படுகின்றன. மேல் வரிசையில் இருப்பதைவிட அங்கே நெருக்கம் குறைவு. ஆனால் மேலே எல்லாம் இரட்டை, இந்த நான்கு இடங்களில் மட்டும் ஒற்றை. படுத்திருக்கும் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்ததில், மூலையில் சாய்ந்து நின்றவை யார் கண்ணிலும் படவில்லை.

பாலத்தின் எடை 160 கிராம். தன் எடையைப் போல் 212 மடங்கு தூக்கியிருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்கு இரண்டு சொல்: குச்சியும் பசையும் சேர்த்து பன்னிரண்டு வெள்ளிக்கு மேல் ஆகாது, வாளிக்கு அடியில் மெத்தை போடுங்கள், பிள்ளைகளின் கால்களை அந்தப் பக்கமே விடாதீர்கள். கட்டுவதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். கை சும்மா இருக்காது என்றால் மணல் அள்ளுங்கள்.

முறிந்த சாய்வுக் குச்சியைச் சிறுமி தாத்தாவிடம் காட்ட எடுத்துப் போனாள். மீதியை இருவருமாக மேசையில் பரப்பி, அடுத்த பாலத்துக்குப் படம் வரையத் தொடங்கிவிட்டார்கள். மூலைகளில் நான்கு குச்சிகள் கூடுதலாக வேண்டும். ஆனால் 120க்கு மேல் ஆசிரியை ஒன்றும் தரமாட்டார். அந்த நான்கை எங்கிருந்து எடுப்பது? தளத்திலிருந்து எடுக்கலாம் என்கிறான் அவன். அப்புறம் கார் விழுந்துவிடும் என்கிறாள் அவள். நான் கிளம்பும்போதும் சண்டை ஓயவில்லை.